சென்னையில் பிறந்த ஓர் அரைப் புள்ளி

காரோ-கான் என்பது சதுரங்கத்தில் கறுப்புக் காய்களுடன் ஆடுபவர் கையாளும் தற்காப்புத் தொடக்கம். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியதும், கறுப்பு தன் ராணிப் பக்க மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்துகிறது. பார்வைக்கு அடக்கமான நகர்வு. எதையும் தாக்குவதில்லை, எந்தக் காயையும் வெளியே கொண்டுவருவதில்லை. ஆனாலும் நூற்று நாற்பது ஆண்டுகளாகத் தோற்க விரும்பாத ஆட்டக்காரர்கள் திரும்பத் திரும்ப இந்தச் சிறு நகர்வையே நாடியிருக்கிறார்கள். 2013 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் நடந்த உலகச் சாம்பியன் பட்டப் போட்டியின் இரண்டாம் ஆட்டத்தில் விசுவநாதன் ஆனந்துக்கு எதிராக மாக்னஸ் கார்ல்சன் கையிலெடுத்ததும் இதுதான். 25 நகர்வுகளில் ஆட்டம் சமநிலையில் முடிந்தது. ஆனந்த் வெல்வதைப் பார்க்கக் காத்திருந்த தமிழ் ரசிகர்கள் பலருக்கு அது ஏமாற்றம். பலகையில் நிகழ்ந்ததை ஒவ்வொரு நகர்வாகப் பின்தொடர்ந்து பார்த்தால், அந்த ஆட்டம் வெறுமையானதல்ல என்பது தெரியும்.

நகர்வுகளைப் பின்தொடர இரண்டு செய்திகள் போதும். பலகையின் எட்டு நெடுவரிசைகள் வெள்ளையின் இடக்கைப் பக்கமிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், குறுக்கு வரிசைகள் வெள்ளைப் பக்கமிருந்து 1 முதல் 8 வரையும் பெயர் பெறுகின்றன. வெள்ளை ராஜா தொடக்கத்தில் நிற்பது இ1. அதற்கு நேர் எதிரே கறுப்பு ராஜா நிற்பது இ8. காய்களைப் பொறுத்தவரை, மூலையில் நின்று நேர்க்கோட்டில் ஓடுவது யானை, எல் வடிவில் தாவுவது குதிரை, சாய்கோட்டில் செல்வது மந்திரி. சில ஊர்களில் ராணியையே மந்திரி என்று அழைக்கும் வழக்கம் உண்டு. இங்கே மந்திரி என்றால் சாய்கோட்டில் ஓடும் காய்.

வெள்ளை முதலில் இ4 என்று சிப்பாயைத் தள்ளும்போது நடுப்பலகையில் ஓர் இடத்தைப் பிடித்துவிடுகிறது. அடுத்து டி4 வந்தால் இரண்டு சிப்பாய்கள் தோளோடு தோள் நின்று பலகையின் நடுவை ஆளும். இதற்கு மறுமொழியாகக் கறுப்பு டி5 தள்ளி அந்த ஆட்சியைக் கேள்வி கேட்க வேண்டும். ஆனால் எந்த ஆயத்தமும் இல்லாமல் டி5 தள்ளினால், வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டும். கறுப்பு தன் ராணியால் திருப்பி வெட்ட, வெள்ளைக் குதிரை வெளியே வந்து ராணியை விரட்டும். ஒரு நகர்வு வீணாகிவிடும். எனவே டி5க்கு முன்பே ஒரு துணை வேண்டும். அந்தத் துணையை இரண்டு விதத்தில் தரலாம். இ6 என்று தள்ளினால் அது பிரெஞ்சுத் தற்காப்பு. சி6 என்று தள்ளினால் காரோ-கான்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு காயின் தலைவிதியில் இருக்கிறது. சி8 கட்டத்தில் நிற்கும் கறுப்பு மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டும் ஓடும் காய். பிரெஞ்சுத் தற்காப்பில் இ6 சிப்பாய் அதன் வாசலை அடைத்துவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவரைப் போல, அந்த மந்திரி பல ஆட்டங்களில் இருபது இருபத்தைந்து நகர்வுகள் வரை ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும். காரோ-கானில் இந்த வாசல் திறந்தே இருக்கிறது. மந்திரி முதலில் வெளியே போய்விடும். அதன் பிறகுதான் கறுப்பு இ6 தள்ளிக் கதவைச் சாத்தும். வீட்டார் வெளியேறிய பின் பூட்டுவதும், உள்ளே வைத்துப் பூட்டுவதும் ஒன்றல்லவே.

இதற்கு விலையும் உண்டு. பி8இல் நிற்கும் குதிரைக்கு இயல்பான இடம் சி6. அந்த இடத்தைச் சிப்பாய் எடுத்துக்கொண்டதால் குதிரை டி7 வழியாகச் சுற்றிப் போக வேண்டும். பின்னால் கறுப்பு சி5 தள்ளி நடுவைத் தாக்க நினைத்தால், ஒரே நகர்வில் போயிருக்கக்கூடிய இடத்துக்கு இரண்டு நகர்வுகளில் போனதாக ஆகும். வெள்ளைக்குச் சற்றுக் கூடுதல் இடமும் நேரமும் கிடைக்கும். கறுப்புக்குக் கிடைப்பது விரிசலில்லாத சிப்பாய் அணி. அவசரமில்லாதவர்களுக்கான பேரம் இது.

இந்தத் தொடக்கத்துக்குப் பெயர் தந்தவர்கள் இருவர். ஹொரேஷியோ காரோ இங்கிலாந்தில் பிறந்து பெர்லினில் வாழ்ந்தவர். மார்க்கஸ் கான் வியன்னாவைச் சேர்ந்தவர். 1885இல் ஹாம்பர்க் நகரில் நடந்த ஜெர்மன் சதுரங்க மாநாட்டில் கான் இதைக் கையாண்டு ஜாக் மீஸஸை 24 நகர்வுகளில் வென்றார். மறு ஆண்டு, 1886இல், இருவரின் ஆய்வும் ஒரு ஜெர்மன் சதுரங்க இதழில் வெளியானது. இருவருமே உலகச் சாம்பியன்கள் அல்லர். இந்தத் தொடக்கத்தை மேல்தட்டுக்குக் கொண்டுபோனவர் கியூபாவின் கபாபிளாங்கா. 1927இல் நியூயார்க்கில் நிம்சோவிச்சை அவர் இந்தத் தொடக்கத்தில் வென்ற ஆட்டம் இன்றும் பயிற்சியாளர்கள் எடுத்துக் காட்டும் பாடம். அவருக்குப் பின் போட்வின்னிக், பெட்ரோசியான், கார்ப்போவ் என உலகச் சாம்பியன்கள் பலர் இதை ஆடினார்கள். இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பொதுக்குணம் தெரியும்: எதிராளியை ஒரே அடியில் வீழ்த்துவதைவிட, அவருக்குப் பிடிமானம் எதுவும் தராமல் மெல்ல மெல்ல நெருக்குவதில் தேர்ந்தவர்கள் இவர்கள்.

காரோ-கான் உறுதியானது என்பதை, அதை ஆடுபவர் தோற்கவே மாட்டார் என்று புரிந்துகொள்ளக் கூடாது. 1997 மே 11 அன்று ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கேரி காஸ்பரோவ் இதே தொடக்கத்தை ஆடி, வெறும் 19 நகர்வுகளில் தோற்றார். ஏழாவது நகர்வில் அவர் எச்6 என்று ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார். கணினி தன் குதிரையை இ6 சிப்பாயின் மீது பலி கொடுத்துக் கறுப்பு ராஜாவின் அரணைப் பிளந்தது. எச்6 என்ற நகர்வு தன்னளவில் கெட்டதல்ல. அது வந்த இடம் தவறு. சென்னை ஆட்டத்திலும் இதே எச்6 வரும், ஆனால் வேறு வேலைக்காக. ஒரே நகர்வு ஓரிடத்தில் ராஜாவைக் காட்டிக்கொடுக்கிறது, இன்னோரிடத்தில் மந்திரியைக் காப்பாற்றுகிறது. தொடக்க நகர்வுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு ஆட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவது நல்லது. காரணம் தெரியாமல் வரிசை மட்டும் தெரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

சென்னைப் போட்டி 2013 நவம்பர் 9 முதல் 22 வரை, ஹயாத் ரீஜென்சி ஓட்டலில் நடந்தது. மொத்தம் 12 ஆட்டங்கள்; முதலில் ஆறரைப் புள்ளி எடுப்பவருக்குப் பட்டம். ஆனந்துக்கு அப்போது வயது 43. 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். 2007 முதல் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர். 2008இல் கிராம்னிக்கையும் 2010இல் தோபலோவையும் 2012இல் கெல்ஃபாண்டையும் எதிர்த்து அதைக் காத்தவர். நார்வேயின் கார்ல்சனுக்கு வயது 22. தரவரிசையில் 2870 புள்ளிகளுடன் உலகின் முதலிடம்; ஆனந்தின் 2775ஐவிட ஏறத்தாழ நூறு புள்ளி அதிகம். தான் வளர்ந்த ஊரில், தன் மக்கள் முன்னால், தன் வயதில் பாதியே ஆன ஒருவரிடமிருந்து பட்டத்தைக் காக்க வேண்டிய நிலை ஆனந்துக்கு. தமிழர் எங்கிருந்தாலும் அந்தப் பதினான்கு நாட்கள் கண் சென்னைப் பக்கமே இருந்தது. அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது மலேசியாவின் பினாங்கில் மாலை ஐந்தரை. பள்ளிவிட்டு வந்த பிள்ளைகளும் வேலை முடித்து வந்த பெரியவர்களும் இணையத்தில் ஒவ்வொரு நகர்வையும் பார்ப்பதற்கு வாகான நேரம்.

முதல் ஆட்டத்தில் வெள்ளை கார்ல்சனுக்கு. 16 நகர்வுகளில் சமநிலை. கறுப்பில் ஆடிய ஆனந்த் நல்ல ஆயத்தத்தோடு வந்து, கார்ல்சனைச் சிறிது நெருக்கடிக்குள் தள்ளி, நகர்வுகளைத் திரும்பத் திரும்ப ஆடவைத்து முடித்தார். அது ஆனந்துக்குச் சாதகமான சமநிலை என்றே கருதப்பட்டது. எனவே மறுநாள் வெள்ளையில் உட்கார்ந்த அவரிடம் எதிர்பார்ப்பு கூடியிருந்தது. அவர் இ4 ஆடினார். கார்ல்சன் சி6 ஆடினார். காரோ-கான் அப்போது கார்ல்சனின் வழக்கமான ஆயுதம் அல்ல. ஒரு பட்டப் போட்டிக்கு மாதக்கணக்கில் தயாராகும்போது, எதிராளி எதை ஆடுவார் என்று கணித்து, ஒவ்வொன்றுக்கும் உதவியாளர்களோடும் கணினியோடும் உட்கார்ந்து கோப்பு கோப்பாகச் சேர்த்து வைப்பார்கள். அந்தக் கோப்புகளில் மேலே இல்லாத ஒன்றைத்தான் கார்ல்சன் எடுத்துப் போட்டார்.

ஆட்டம் செவ்வியல் வழியில் போனது. வெள்ளை டி4, கறுப்பு டி5. வெள்ளைக் குதிரை சி3க்கு வந்தது. கறுப்பு இ4 சிப்பாயை வெட்ட, குதிரை திருப்பி வெட்டியது. உடனே கறுப்பு மந்திரி எஃப்5க்கு வந்து அந்தக் குதிரையைத் தாக்கியது. இதற்காகத்தான் அந்த வாசல் திறந்து வைக்கப்பட்டிருந்தது. குதிரை ஜி3க்குப் பின்வாங்கி மந்திரியைத் திருப்பித் தாக்க, மந்திரி ஜி6க்கு நகர்ந்தது. இப்போது வெள்ளை எச்4 என்று ஓரச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளியது. அடுத்து எச்5 வந்தால் மந்திரிக்குப் போக்கிடம் இல்லை. அதற்கு மறுமொழியாகவே கறுப்பின் எச்6: எச்7 கட்டத்தைக் காலி செய்து மந்திரிக்கு ஒதுங்க ஒரு திண்ணை அமைத்துத் தருகிறது. காஸ்பரோவைக் கவிழ்த்த அதே சிறு நகர்வு இங்கே கட்டாயத் தேவை.

ஏழாவது நகர்வில் ஒரு நுட்பம். வெள்ளையின் இன்னொரு குதிரை எஃப்3க்கு வந்ததும், அது இ5க்குத் தாவாமல் தடுக்கக் கறுப்புக் குதிரையை டி7இல் வைப்பதுதான் பல பத்தாண்டுகளாகப் புத்தகங்கள் சொல்லிவந்த வழி. கார்ல்சன் அதைச் செய்யவில்லை. இ6 ஆடி, வா என்று வழிவிட்டார். ஆனந்தின் குதிரை இ5க்கு வந்து மந்திரியைத் தாக்க, மந்திரி எச்7க்கு ஒதுங்கியது. அடுத்து வெள்ளை தன் வெள்ளைக் கட்ட மந்திரியை டி3இல் நிறுத்த, இரண்டு மந்திரிகளும் வெட்டிக்கொண்டன. வெள்ளை ராணி டி3க்கு வந்தது. பிரெஞ்சுத் தற்காப்பில் மூச்சுத் திணறும் அந்த மந்திரி இங்கே தன் வேலையை முடித்து, சம மதிப்புள்ள காயோடு பரிமாறப்பட்டு மரியாதையாகப் பலகையைவிட்டு இறங்கிவிட்டது. காரோ-கானின் முதல் நோக்கம் பத்தே நகர்வுகளில் நிறைவேறியது.

பதினோராவது நகர்வில் ஆனந்த் எஃப்4 தள்ளி இ5 குதிரைக்குத் தூண் கொடுத்தார். கார்ல்சன் தன் இன்னொரு மந்திரியை பி4இல் வைத்துச் செக் சொன்னார். வெள்ளை சி3 தள்ளி மறைத்ததும் மந்திரி இ7க்குத் திரும்பியது. போன காய் உடனே திரும்பி வந்ததால் வீண் வேலை போலத் தோன்றும். ஆனால் வெள்ளையின் சிப்பாய் இப்போது சி3இல் நிற்கிறது. வெள்ளை ராஜா அந்தப் பக்கம் போய்க் கோட்டை கட்டினால், கறுப்பு தன் பி சிப்பாயை பி4 வரை தள்ளி அந்தச் சிப்பாயைத் தாக்க முடியும். கொக்கி ஒன்றை மாட்டி வைத்துவிட்டு வருவதுதான் அந்தச் செக்கின் பயன். பதினான்காவது நகர்வில் ஆனந்த் ராணிப் பக்கமும் கார்ல்சன் ராஜா பக்கமும் கோட்டை கட்டினார்கள். ராஜாக்கள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்துவிட்டால் சதுரங்கத்தில் அது பொதுவாகப் போர் அறிவிப்பு. தன் ராஜா அந்தப் பக்கம் இல்லாததால் ஒவ்வொருவரும் எதிராளியின் ராஜாவை நோக்கிச் சிப்பாய்களை அச்சமின்றி ஓட்டலாம். யார் முந்துகிறாரோ அவர் வெல்வார்.

அந்தப் போர் நடக்கவில்லை. பதினைந்தாவது நகர்விலிருந்து காய்கள் வேகமாக வெட்டுப்பட்டன. வெள்ளைக் குதிரை இ4க்கு வர, கறுப்புக் குதிரை அதை வெட்ட, வெள்ளை ராணி திருப்பி வெட்டியது. கறுப்பின் இன்னொரு குதிரை இ5இல் நின்ற குதிரையை வெட்ட, வெள்ளையின் எஃப் சிப்பாய் திருப்பி வெட்டியது. நான்கு குதிரைகளும் போய்விட்டன. பதினேழாவது நகர்வில் கார்ல்சன் தன் ராணியை டி5இல் கொண்டுவந்து வெள்ளை ராணிக்கு எதிரே நிறுத்தினார்.

ஆட்டத்தின் முடிச்சு இங்கேதான். ஆனந்தின் முன்னால் இரண்டு வழிகள். ஒன்று, ராணியை ஜி4க்கு விலக்குவது. அப்போது கறுப்பு ராஜாவுக்கு முன்னால் நிற்கும் ஜி7 சிப்பாய் ராணியின் பார்வையில் அகப்பட்டு அசைய முடியாமல் நிற்கும். டி2இல் நிற்கும் வெள்ளை மந்திரி எச்6 சிப்பாயை வெட்டும் மிரட்டலும் சேரும். ஆனால் டி5இல் நிற்கும் கறுப்பு ராணியின் சாய்கோடு ஏ2 சிப்பாய் வரை தடையின்றிக் கிடக்கிறது. அந்தச் சிப்பாயை வெட்டினால் கறுப்பு ராணி வெள்ளை ராஜாவின் வாசற்படியில் நிற்கும். இரு பக்கமும் கத்தி. ஒரு நகர்வு பிசகினால் ஆட்டம் போய்விடும். இன்னொரு வழி, ராணிகளை வெட்டிக்கொள்வது. ஆபத்து முழுவதும் அடங்கிவிடும். வெற்றி வாய்ப்பும் கூடவே அடங்கிவிடும்.

நேரடி வர்ணனையாளர்கள் ராணி ஜி4ஐ எதிர்பார்த்தார்கள். ஆனந்த் ராணிகளை வெட்டினார். ஆட்டத்துக்குப் பின் செய்தியாளர்களிடம் பேசியபோது, கூர்மையான வழிக்கும் பாதுகாப்பான வழிக்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது, எதிராளி இந்த நிலையை அண்மையில் ஆராய்ந்து வந்திருப்பார், எனவே உறுதியான வழியை எடுத்தேன் என்ற பொருளில் அவர் விளக்கினார். இதைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் உண்டு. அது நியாயமல்ல. இன்றைய சதுரங்கத்தில் கூர்மையான நிலைகளில் மூளைக்கு மூளை மட்டும் மோதுவதில்லை. ஒருவரின் வீட்டுப்பாடம் இன்னொருவரின் வெறுங்கையோடு மோதுகிறது. எதிராளி கணினியில் இருபத்தைந்தாவது நகர்வுவரை பார்த்துவிட்டு வந்திருக்கும் இடத்தில், பலகையின் முன் உட்கார்ந்து புதிதாகக் கணக்குப் போடுவது துணிச்சலாக இருக்கலாம், அறிவுடைமை ஆகாது. பன்னிரண்டு ஆட்டங்களில் இரண்டாவதுதான் அது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் போட்டி முழுவதையும் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது, கார்ல்சனைக் கூர்மையான நிலைக்குள் இழுக்கக் கிடைத்த வாய்ப்புகள் மிகச் சில. அவற்றில் ஒன்று இந்தப் பதினெட்டாவது நகர்வு.

ராணிகள் போன பின் பலகையில் எஞ்சியவை: இரு பக்கமும் இரண்டு யானை, ஒரு மந்திரி, ஏழு சிப்பாய். நடுவில் வெள்ளையின் டி4, இ5 சிப்பாய்களும் கறுப்பின் டி5, இ6 சிப்பாய்களும் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. இரண்டு மந்திரிகளும் கறுப்புக் கட்டங்களில் ஓடுபவை. வெள்ளையின் நடுச் சிப்பாய்கள் கறுப்புக் கட்டங்களிலேயே நிற்பதால் வெள்ளை மந்திரியின் பாதையைச் சொந்தப் படையே மறைக்கிறது. கறுப்பின் சிப்பாய்கள் வெள்ளைக் கட்டங்களில் நிற்பதால் கறுப்பு மந்திரிக்கு அந்தத் தொல்லை இல்லை. மறுபுறம், வெள்ளைக்கு எஃப் நெடுவரிசை திறந்து கிடக்கிறது. யானைகள் அந்த வழியாக எஃப்7 சிப்பாயைக் குறிவைக்கலாம். ஒருவர் கையில் உள்ள நன்மைக்கு மற்றவர் கையில் சரியான எடைக்கல்.

அடுத்து வந்த சில நகர்வுகள்தான் ஆட்டத்தின் மிக அழகான பகுதி. வெள்ளை எச்5 தள்ளி ராஜா பக்கச் சிப்பாய்களைக் கட்டிப்போட்டது. கறுப்பு பி5, ஏ5 என்று மறுபக்கம் முன்னேறி, முன்பு மாட்டிய கொக்கியை இழுக்கத் தயாரானது. ஆனந்தின் யானைகளில் ஒன்று எச்3 வழியாக மேலேறியது, இன்னொன்று எஃப்1இல் அமர்ந்தது. கறுப்பு ஒரு யானையை சி8இல் வைத்தது. இருபத்திரண்டாவது நகர்வில் வெள்ளை யானை ஜி3க்கு வந்ததும் ஒரு மிரட்டல் எழுந்தது. ஜி7 சிப்பாய் தன் பின்னால் நிற்கும் ராஜாவைக் காட்டிக்கொடுக்காமல் அசைய முடியாது. எனவே வெள்ளை மந்திரி எச்6ஐ இலவசமாக வெட்டலாம். அதைத் தடுக்கக் கறுப்பு ராஜா எச்7க்கு நகர்ந்தது. உடனே வெள்ளை யானை எஃப்3க்குத் திரும்பி, எஃப்1இல் நிற்கும் யானையோடு சேர்ந்து எஃப்7ஐத் தாக்கியது. அந்தச் சிப்பாய்க்குக் காவல் ஒரே ஒரு யானை, தாக்குவது இரண்டு. எனவே ராஜா மீண்டும் ஜி8க்கு வந்து காவலில் சேர்ந்தது. யானை மறுபடி ஜி3. ராஜா மறுபடி எச்7. யானை எஃப்3, ராஜா ஜி8.

ஒரே ராஜா இரண்டு வீடுகளுக்குக் காவல். வெள்ளை எந்த வீட்டைத் தட்டினாலும் ராஜா அங்கே ஓடுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் தட்ட வெள்ளையால் முடிவதில்லை. ராஜா ஒருமுறை சோம்பினாலும் கறுப்புக்கு ஒரு சிப்பாய் இழப்பு. வெள்ளை இந்த ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறு ஏதாவது செய்யப் போனால், கறுப்பின் பி4 வந்து வெள்ளை ராஜாவின் முன் வாசல் உடையத் தொடங்கும். இரண்டு பேரும் சரியாக ஆடினால் இந்த ஊசல் நிற்காது. இருபத்தாறாவது நகர்வில் யானை இன்னொரு முறை ஜி3க்கு வந்தால் அதே நிலை மூன்றாவது முறையாகத் தோன்றியிருக்கும். கார்ல்சனின் இருபத்தைந்தாவது நகர்வோடு ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆளுக்கு அரைப் புள்ளி.

சதுரங்கத்தில் சமநிலை பல வழிகளில் வருகிறது. ஒரே நிலை, அதே ஆட்டக்காரரின் முறையில், மூன்று தடவை பலகையில் தோன்றினால் கேட்டுப் பெறலாம். ஐம்பது நகர்வுகள் எந்தச் சிப்பாயும் அசையாமல், எந்தக் காயும் வெட்டுப்படாமல் கழிந்தாலும் கேட்கலாம். ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் ஆடுவதற்கு ஒரு நகர்வும் இல்லை என்றால் உடனடிச் சமநிலை. இரு பக்கமும் மாட் செய்யப் போதிய காய் இல்லாதபோதும் அப்படியே. இவை தவிர, இருவரும் பேசி ஒப்புக்கொள்வதும் உண்டு. கடைசியாகச் சொன்னதுதான் கெட்ட பெயர் வாங்கியது. களைத்தவர்கள் பத்துப் பதினைந்து நகர்வுகளில் கைகுலுக்கிக்கொண்டு கிளம்புவதைத் தடுக்க, 2005இல் பல்கேரியாவின் சோஃபியா நகரில் நடந்த ஒரு போட்டியில் பேசி முடிக்கும் சமநிலையையே விலக்கும் விதி கொண்டுவரப்பட்டது. அது சோஃபியா விதி என்றே பெயர் பெற்றது.

பட்டப் போட்டிகளின் வரலாறு சமநிலைகளால் நிரம்பியது. 1984இல் மாஸ்கோவில் தொடங்கிய கார்ப்போவ்-காஸ்பரோவ் போட்டியில் 48 ஆட்டங்கள் ஆடி, 40 சமநிலையில் முடிந்து, அடுத்த பிப்ரவரியில் முடிவில்லாமலே நிறுத்தப்பட்டது. 2000இல் லண்டனில் கிராம்னிக், பெர்லின் தற்காப்பு என்ற இன்னொரு கோட்டைக்குள் அமர்ந்து காஸ்பரோவை ஓர் ஆட்டம்கூட வெல்ல விடாமல் செய்து, இரண்டு வெற்றி, 13 சமநிலை என்று பட்டத்தைப் பறித்தார். 2018இல், அதே லண்டனில், கார்ல்சனும் கருவானாவும் ஆடிய 12 ஆட்டங்களும் சமநிலை. இருவரும் தவறு செய்யாவிட்டால் சதுரங்கம் இயல்பாகவே சமநிலை நோக்கிச் சாயும் விளையாட்டு. ஆட்டக்காரரின் தரம் உயர உயர அந்தச் சாய்வு கூடுகிறது.

அதில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு இருக்கிறது. முதல் நகர்வு வெள்ளையுடையது. அதனால் வரும் சிறு முன்னுரிமையைக் கறுப்பு கரைத்தாக வேண்டும். கறுப்பில் எடுக்கும் அரைப் புள்ளி, தேர்ந்த ஆட்டக்காரர்களின் கணக்கில், அரைக்குச் சற்று மேல். சென்னையின் முதல் ஆட்டத்தில் அந்த ஆதாயம் ஆனந்துக்கு. இரண்டாம் ஆட்டத்தில் கார்ல்சனுக்கு. கணக்கு நேரானது.

உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுபவர்களுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. பினாங்கு சதுரங்கத்துக்குப் பழகிய மண். முதல் ஆசிய அணிகள் சாம்பியன் போட்டியே 1974இல் இங்கேதான் நடந்தது, பிலிப்பைன்ஸ் அணி வென்றது. ஒத்த புள்ளி உள்ளவர்களை அடுத்த சுற்றில் மோதவிடும் ஸ்விஸ் முறைப் போட்டிகளில், தன்னைவிட வலுவானவரிடம் கறுப்பில் எடுக்கும் அரைப் புள்ளி ஒரு பிள்ளையைப் பரிசுப் பட்டியலில் பல படிகள் மேலே கொண்டுபோகும். காரோ-கான் பயிற்சியாளர்களுக்குப் பிடித்துப்போனதற்கு இது ஒரு காரணம். சிசிலியன் தற்காப்பைப் போல நூறு கிளைகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மந்திரியை முதலில் வெளியே கொண்டுவா, பிறகு இ6 தள்ளு, ராஜாவைப் பத்திரப்படுத்து, நேரம் வாய்க்கும்போது சி5 ஆடு என்ற நான்கு எண்ணங்கள் பிடிபட்டால் பெரும்பாலான நிலைகளில் வழி தெரியும். ஆனால் அதை ஆடும் பிள்ளைக்குப் பொறுமை கற்றுக்கொடுப்பது நகர்வுகளைக் கற்றுக்கொடுப்பதைவிடக் கடினம். தாக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு பதறாமல் இருக்கப் பத்து வயதில் யாருக்கும் எளிதில் வராது.

சென்னையில் காரோ-கான் மறுபடி வரவில்லை. நவம்பர் 13ஆம் தேதி நான்காவது ஆட்டத்தில் ஆனந்த் மீண்டும் இ4 ஆடியபோது கார்ல்சன் பெர்லின் தற்காப்புக்கு மாறினார்; 64 நகர்வுகள் நீண்ட அதுவும் சமநிலை. முதல் நான்கு ஆட்டங்களும் அப்படியே. ஆறாவது ஆட்டத்தில் அதே பெர்லினில் கறுப்பில் ஆடிய கார்ல்சன், சமநிலை போலத் தெரிந்த யானை முடிவாட்டத்தை விடாமல் பிழிந்து 67 நகர்வுகளில் வென்றார். அதற்கு முந்தைய ஆட்டத்தையும் அவரே வென்றிருந்தார். இ4 கதவு அடைபட்டதைக் கண்ட ஆனந்த் ஒன்பதாவது ஆட்டத்தில் டி4க்கு மாறி, இரண்டாம் ஆட்டத்தில் தவிர்த்த நேரடித் தாக்குதலை அங்கே முழு மூச்சாக நடத்தினார். கறுப்பு ராஜாவை நெருங்கிவிட்ட நேரத்தில், இருபத்தெட்டாவது நகர்வில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்துத் தோற்றார்.

அதன் பிறகு கார்ல்சனுக்குத் தேவைப்பட்டது அரைப் புள்ளி. நவம்பர் 22 அன்று பத்தாவது ஆட்டத்தில், 65 நகர்வுகளுக்குப் பின், அது கிடைத்தது. ஆறரைக்கு மூன்றரை. உலகப் பட்டம் கைமாறிய அந்த ஆட்டமும் சமநிலை.